தானாக மங்கும் கண்ணாடி

எங்கள் வகுப்பு தாராவியில் நடக்கிறது. மாலை 6 மணிக்குத் தொடங்கும். ஏழரை மணிக்கு முடியும். வகுப்பு முடிந்ததும் அண்ணாச்சி டாக்சியை எடுப்பார். இரவு முழுவதும் ஓட்டுவார்.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மும்பைக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. ஊரில் பள்ளிக்கூடம் போனதில்லை. இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்.

ஒரு நாள் அவர் முகம் வாடியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை டீச்சர். நேத்து ராத்திரி ஒரு உயிர் தப்பிச்சுது. அதை நினைச்சா இன்னும் கை நடுங்குது" என்றார்.

எல்லோரும் நோட்டை மூடி வைத்தோம். அவர் சொல்லத் தொடங்கினார்.

அந்த மூன்று நொடி

அண்ணாச்சி செம்பூரில் ஒரு சவாரியை ஏற்றினார். மாட்டுங்காவுக்குப் போக வேண்டும். மணி பன்னிரண்டு. சாலையில் கூட்டம் இல்லை. சயான் நோக்கி வந்துகொண்டிருந்தார்.

பின்னால் ஒரு பெரிய கார் வந்தது. அதன் விளக்கு 'அப்பர்' நிலையில் எரிந்தது. அதாவது, தூரம் வரை வீசும் நிலையில் எரிந்தது. அந்த வெளிச்சம் அண்ணாச்சியின் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் விழுந்தது. அங்கிருந்து நேராக அவர் கண்ணில் பாய்ந்தது.

"கண்ணுக்குள்ளே வெள்ளையா ஒரு பந்து நின்னுது. ரோட்டைப் பார்த்தா ரோடே தெரியலை. எல்லாம் கறுப்பு. கண்ணைக் கசக்கிட்டுப் பார்க்கேன், முன்னாலே ஒரு கைவண்டிக்காரர். குறுக்கே போறார். பிரேக்கை மிதிச்சேன். ஒரு கை நீளம் இருக்கும்போது வண்டி நின்னுது."

கைவண்டிக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. சவாரிக்கும் அடி இல்லை. பின்னால் வந்த பெரிய கார் ஒதுங்கிப் போய்விட்டது. தன்னால் என்ன நடந்தது என்று அதை ஓட்டியவருக்குத் தெரிந்தே இருக்காது.

நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். ஒரு வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு நொடியில் அது சுமார் 17 மீட்டர் போய்விடும். மூன்று நொடியில் 50 மீட்டர். நம் லோக்கல் ரயிலில் ஒரு பெட்டியின் நீளம் சுமார் 20 மீட்டர். அப்படியானால் இரண்டரைப் பெட்டி நீளம்! அவ்வளவு தூரத்தை ஓட்டுநர் கண் தெரியாமல் கடக்கிறார்.

கண் ஏன் கூசுகிறது?

நீங்கள் சினிமா தியேட்டருக்குப் போயிருப்பீர்கள். வெயிலில் இருந்து உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்காருவோம். சிறிது நேரம் கழித்துப் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியும். இது ஏன்?

நம் கண்ணின் நடுவே கறுப்பாக ஒரு வட்டம் இருக்கிறது. அதைப் பாவை என்பார்கள். அது ஒரு வாசல். அதன் வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே போகிறது. வெயிலில் வாசல் சுருங்கும். இருட்டில் விரியும்.

கண்ணின் உள்ளே பின்பக்கம் விழித்திரை இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு நிறப்பொருள் அதில் உண்டு. இருட்டில் அந்தப் பொருள் மெல்ல மெல்லச் சேரும். முழுவதும் சேர அரை மணி நேரம் கூட ஆகும். பளீர் என்று வெளிச்சம் பட்டால் அது சட்டென்று குறைந்துவிடும்.

இரவில் வண்டி ஓட்டுபவரின் கண் இருட்டுக்குப் பழகியிருக்கிறது. பாவை விரிந்திருக்கிறது. அப்போது பெரிய விளக்கின் வெளிச்சம் பாய்கிறது. கண் திகைத்துப் போகிறது. மறுபடி இருட்டைப் பார்க்கச் சில நொடிகள் ஆகின்றன. அந்தச் சில நொடிகளில்தான் விபத்து நடக்கிறது.

வயது கூடக் கூட, கண் தெளிய அதிக நேரம் ஆகும். கண்ணில் புரை விழத் தொடங்கியவருக்குக் கூச்சம் இன்னும் அதிகம். விளக்கைச் சுற்றிப் புகை போலத் தெரியும்.

கண்ணாடியை எடுத்துவிடலாமா?

"அப்படின்னா அந்தக் கண்ணாடியே வேண்டாம். கழற்றிப் போட்டிரலாம்" என்றார் ஒரு பாட்டி.

அது முடியாது. பின்னால் வருவது தெரியாமல் வண்டியைத் திருப்ப முடியாது, நிறுத்தவும் முடியாது.

கார் வந்த புதிதில் பின்னால் பார்க்கும் கண்ணாடி இல்லை. இங்கிலாந்தில் டாரத்தி லெவிட் என்ற பெண் இருந்தார். கார் பந்தயங்களில் ஓட்டியவர். அவர் 1909-இல் பெண்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். 'கார் ஓட்டும்போது ஒரு கைக்கண்ணாடியை வைத்துக்கொள்ளுங்கள். அவ்வப்போது தூக்கிப் பிடித்தால் பின்னால் வருவது தெரியும்' என்பது அவர் யோசனை. முகம் பார்க்கும் கண்ணாடி சாலையைப் பார்க்கவும் உதவியது!

அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் என்ற ஊரில் 1911-இல் 500 மைல் கார் பந்தயம் நடந்தது. மற்ற ஓட்டுநர்கள் பின்னால் பார்த்துச் சொல்ல ஓர் ஆளையும் ஏற்றிக்கொண்டார்கள். ரே ஹாரூன் என்பவர் மட்டும் தனியாக ஓட்டினார். வண்டியில் ஒரு கண்ணாடியைப் பொருத்தியிருந்தார். பந்தயத்தில் அவரே வென்றார்.

கண்ணாடி வேண்டும். ஆனால் இரவில் அது கண்ணைக் குத்தக் கூடாது. இதற்கு என்ன வழி?

எங்கள் வகுப்புக்கு வரும் ஓர் அக்காவின் மகன் மாட்டுங்காவில் ஒரு கேரேஜில் மெக்கானிக். அந்த அக்கா சொன்னார்: "பெரிய கார்லே கண்ணாடி தானாவே மங்குமாம். என் பையன் சொல்லியிருக்கான்."

அண்ணாச்சி நம்பவில்லை. "தானா மங்குமா? அதுக்கு என்ன கண்ணா இருக்கு?" என்று கேட்டார்.

எனக்கும் பதில் தெரியவில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். "ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்றேன்.

கண்ணாடிக்குக் கண் உண்டு

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐந்து பேர் அண்ணாச்சியின் டாக்சியில் போனோம். கேரேஜில் ஒரு பெரிய கார் நின்றது. மெக்கானிக் தம்பி எங்களை முன் இருக்கையில் உட்கார வைத்தார்.

"அண்ணாச்சி, இந்தக் கண்ணாடியோட முதுகைப் பாருங்க. ரோட்டைப் பார்த்துச் சின்னதா ஒரு ஓட்டை தெரியுதா? அது ஒரு கண். இப்போ கண்ணாடியோட முகத்தைப் பாருங்க. ஓரத்திலே இன்னொரு புள்ளி. அது இரண்டாவது கண்."

நாங்கள் தொட்டுப் பார்த்தோம். உண்மையிலேயே இரண்டு புள்ளிகள் இருந்தன. இவற்றை சென்சார் என்கிறார்கள். வெளிச்சம் அதிகமா குறைவா என்று கண்டுபிடிக்கும் சிறு கருவி இது. தெருவிளக்கு இருட்டியதும் தானாக எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதிலும் இப்படி ஒரு கருவிதான் வேலை செய்கிறது.

முதல் கண் வண்டிக்கு முன்னால் பார்க்கிறது. வெளியே பகலா இரவா என்று அது சொல்லும். இரண்டாவது கண் பின்னால் பார்க்கிறது. பின்னாலிருந்து வெளிச்சம் பாய்கிறதா என்று அது சொல்லும்.

"ஒரு கண் போதாதா?" என்று கேட்டேன்.

"போதாது அக்கா. பகல்லே பின்னாலேயும் வெளிச்சம்தான். அப்போ கண்ணாடி மங்கினா ஒண்ணும் தெரியாது. முன்னாலே இருட்டா இருக்கணும். பின்னாலே வெளிச்சம் இருக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் மங்கணும்" என்றார் தம்பி.

பிறகு ஒரு வேடிக்கை காட்டினார். வண்டியின் சாவியைத் திருகினார். முன்பக்கக் கண்ணைக் கட்டை விரலால் மூடினார். கண்ணாடி அதை இரவு என்று நினைத்துக்கொண்டது! பின்பக்கக் கண்ணில் செல்போன் டார்ச்சை அடித்தார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். நான்கைந்து நொடி ஆனது. கண்ணாடியின் நிறம் மாறியது. நீலமும் பச்சையும் கலந்தது போல் இருண்டது. அதில் தெரிந்த அண்ணாச்சியின் முகமும் மங்கியது. டார்ச்சை அணைத்து விரலை எடுத்தார். சில நொடியில் பழையபடி பளிச்சென்று ஆனது.

"இது ஏதோ கண்கட்டு வித்தை மாதிரில்லா இருக்கு!" என்றார் அண்ணாச்சி.

வித்தை இல்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

உள்ளே என்ன இருக்கிறது?

வடா பாவ் சாப்பிடாதவர் மும்பையில் உண்டா? பாவை இரண்டாகப் பிளந்து நடுவே சட்னி தடவுவார்கள். இந்தக் கண்ணாடியும் அப்படித்தான். இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன. நடுவே சட்னி போல ஒரு கூழ் இருக்கிறது. கூழின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அது வெளியே வராதபடி ஓரம் முழுவதும் ஒட்டி அடைத்திருக்கிறார்கள்.

தகடுகளின் உள்பக்கத்தில் ஒரு பூச்சு உண்டு. இண்டியம், வெள்ளீயம் என்ற இரண்டு உலோகங்களிலிருந்து அந்தப் பூச்சைச் செய்கிறார்கள். அதன் வழியாக வெளிச்சமும் போகும், மின்சாரமும் பாயும். தகடுகளுக்குப் பின்னால் முகம் காட்டும் பளபளப்பான பூச்சு இருக்கிறது.

பகலில் கூழ் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். வெளிச்சம் கூழைத் தாண்டிப் போகும். பளபளப்பான பூச்சில் பட்டுத் திரும்பி வரும். எல்லாம் தெளிவாகத் தெரியும்.

இரவில் பின்னால் ஒரு விளக்கு பாய்கிறது. இரண்டு கண்களும் செய்தி சொல்கின்றன. உடனே கூழுக்குள் சிறிதளவு மின்சாரம் போகிறது. கூழில் உள்ள மருந்துகள் நிறம் மாறுகின்றன. கூழ் இருள்கிறது. வெளிச்சம் உள்ளே போகும்போது கூழ் ஒரு பங்கைக் குடிக்கிறது. திரும்பி வரும்போது இன்னொரு பங்கைக் குடிக்கிறது. மிஞ்சிய கொஞ்சம் வெளிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. பின்னால் வண்டி வருவது தெரியும். ஆனால் கண் கூசாது.

மின்சாரம் நின்றதும் கூழ் தானாகத் தெளிந்துவிடும். இதில் ஒரு நன்மை உண்டு. கம்பி அறுந்தாலும் கண்ணாடி இருண்டுபோய் நிற்காது. சாதாரணக் கண்ணாடி போல வேலை செய்யும்.

இதற்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்? டார்ச் லைட்டில் போடும் ஒரு செல்லின் அழுத்தம் 1.5 வோல்ட். இந்தக் கூழ் இருள அதைவிடக் குறைவாக இருந்தாலே போதும்.

மஞ்சளும் சுண்ணாம்பும்

மின்சாரம் பட்டால் நிறம் மாறுமா? இது புதிதாகத் தோன்றலாம். ஆனால் நிறம் மாறித் திரும்புவது நமக்குப் புதிது இல்லை.

நம் வீட்டில் ஆரத்தி கரைப்போம். மஞ்சள் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பைப் போடுவோம். தண்ணீர் சிவந்துவிடும். அந்தச் சிவப்புத் தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள். மறுபடி மஞ்சள் நிறம் வந்துவிடும். மஞ்சள் எங்கும் போகவில்லை. அதன் நிறம்தான் மாறியது.

அங்கே மாற்றுவது சுண்ணாம்பும் எலுமிச்சையும். இங்கே மாற்றுவது மின்சாரம். கூழில் இரண்டு வகை மருந்துகள் இருக்கின்றன. மின்சாரம் என்பது எலக்ட்ரான் என்ற மிக நுண்ணிய துகள்களின் ஓட்டம். மின்சாரம் பாயும்போது ஒரு மருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். மற்றது எலக்ட்ரானைக் கொடுத்துவிடும். அப்போது கூழுக்கு நிறம் ஏறும். மின்சாரம் நின்றதும் இரண்டும் கூழுக்குள் சந்திக்கும். வாங்கியது திருப்பிக் கொடுத்துவிடும். கூழ் தெளிந்துவிடும். கடன் வாங்கித் திருப்பிக் கொடுப்பது போலத்தான்.

இதே முறை விமானத்திலும் வந்துவிட்டது. ஏர் இந்தியா 2012 முதல் போயிங் 787 என்ற விமானத்தை ஓட்டுகிறது. அந்த வகை விமானத்தில் ஜன்னலுக்கு இழுத்து மூடும் மறைப்பு கிடையாது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஜன்னல் கண்ணாடியே நீலமாக இருளும்.

அண்ணாச்சியின் கண்ணாடி

"தம்பி, இதுக்கு என்ன விலை ஆகும்? என் டாக்சியிலே ஒண்ணு போட்டுத் தாயேன்" என்றார் அண்ணாச்சி.

தம்பி பதில் சொல்லவில்லை. டாக்சியின் கதவைத் திறந்தார். கண்ணாடியின் அடியில் தொங்கிய பூமாலையை விலக்கினார். அங்கே நாக்கு போலச் சிறியதாக ஒரு பிடி இருந்தது. அதை 'டக்' என்று தள்ளினார்.

கண்ணாடி கொஞ்சம் சாய்ந்தது. அதில் தெரிந்த கேரேஜ் மங்கிப் போனது!

"அண்ணாச்சி, மங்குற கண்ணாடி உங்ககிட்டேயே இருக்கு. இது தானா மங்காது. நீங்க தள்ளினா மங்கும். அவ்வளவுதான் வித்தியாசம்."

அண்ணாச்சி வாயடைத்துப் போனார். முன்பு அவர் பத்மினி டாக்சி ஓட்டியவர். அந்த வண்டிகளைப் பக்கத்தில் குர்லாவில் இருந்த தொழிற்சாலையில்தான் செய்தார்கள். 2023 அக்டோபரோடு மும்பையில் கடைசி பத்மினி டாக்சிகளும் ஓய்ந்துவிட்டன. அவர் ஓட்டிய பத்மினியில் இருந்தது தட்டையான சாதாரணக் கண்ணாடி. புது டாக்சிக்கு மாறி ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பிடியை அவர் தொட்டதே இல்லை.

"வண்டியோட ஒரு புத்தகம் தந்திருப்பாங்களே, அதிலே படம் போட்டிருக்குமே" என்றார் தம்பி.

"புத்தகமா? எழுத்தைக் கண்டாலே எனக்குப் பயம். பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்கலை" என்றார் அண்ணாச்சி. குரல் மெதுவாக வந்தது.

சாய்த்தால் எப்படி மங்குகிறது?

இரவில் கடை மூடிய பிறகு அதன் கண்ணாடிக் கதவைப் பாருங்கள். உள்ளே இருட்டாக இருந்தால் உங்கள் முகம் அதில் தெரியும். அது முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை. சும்மா கண்ணாடிதான். ஆனாலும் முகம் மங்கலாகத் தெரிகிறது. எந்தக் கண்ணாடியின் மேல்பரப்பும் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். 100 பங்கு வெளிச்சம் பட்டால் சுமார் 4 பங்கு திரும்பி வரும்.

முகம் பார்க்கும் கண்ணாடியில் பின்பக்கம் பளபளப்பான பூச்சு இருக்கிறது. பெரும் பகுதி வெளிச்சத்தைத் திருப்புவது அந்தப் பூச்சுதான். ஆக, அதில் இரண்டு இடங்களில் வெளிச்சம் திரும்புகிறது. மேல்பரப்பில் கொஞ்சம்; பின்பக்கப் பூச்சில் நிறைய.

வீட்டுக் கண்ணாடி எல்லா இடத்திலும் ஒரே கனம். அதனால் இரண்டும் ஒரே திசையில் திரும்பும். டாக்சியில் உள்ள கண்ணாடி அப்படி இல்லை. மேலே ஒரு கனம், கீழே ஒரு கனம். மரம் பிளக்க ஆப்பு வைப்பார்களே, அது போன்ற வடிவம். அதனால் இரண்டு வெளிச்சமும் வேறு வேறு திசையில் திரும்பும்.

பகலில் பின்பக்கப் பூச்சின் நிறைய வெளிச்சம் நம் கண்ணுக்கு வரும். இரவில் பிடியைத் தள்ளினால் கண்ணாடி சாயும். நிறைய வெளிச்சம் வண்டியின் கூரைக்குப் போய்விடும். மேல்பரப்பின் அந்த 4 பங்கு மட்டும் கண்ணுக்கு வரும். கூழ் வேண்டாம். மின்சாரம் வேண்டாம். கை ஒன்றே போதும்.

இந்தக் கை வேலையை இயந்திரத்துக்குக் கொடுக்கப் பலர் முயன்றார்கள். அமெரிக்காவில் ஜென்டெக்ஸ் என்ற கம்பெனி 1974-இல் தொடங்கியது. முதலில் அது புகையைக் கண்டுபிடித்துச் சத்தம் போடும் கருவிகளைச் செய்தது. 1982-இல் சிறு மோட்டார் வைத்துத் தானாகச் சாயும் கண்ணாடியைக் கொண்டுவந்தது. 1987-இல் கூழ் வைத்த கண்ணாடியைக் கொண்டுவந்தது. இப்போது இந்தியாவில் விற்கும் பல கார்களிலும் கூழ்க் கண்ணாடி வருகிறது.

உடைந்தால் என்ன செய்வது?

எங்களோடு வந்த ஓர் அக்கா தாராவியில் பதிமூன்றாம் காம்பவுண்டில் வேலை செய்கிறார். பங்காராக வரும் பிளாஸ்டிக்கைப் பிரித்துப் போடுவது அவர் வேலை. அவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்.

"எங்ககிட்ட உடைஞ்ச கார்ச் சாமான் எல்லாம் வருது. கண்ணாடியும் வருது. பிளாஸ்டிக்குக்காக அதைத் தட்டி எடுப்போம். அந்தக் கூழ் கையிலே பட்டா என்ன ஆகும்?"

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கார் கம்பெனிகள் தரும் புத்தகங்களிலேயே எச்சரிக்கை உண்டு. கண்ணாடி உடைந்தால் கூழ் கசியலாம். அது கண்ணையும் தோலையும் எரிக்கும். மூச்சுக்கும் கெடுதல்.

கண்ணாடியின் பின்னால் கம்பி வருகிறதா என்று முதலில் பாருங்கள். முகத்தில் சிறு புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது கூழ்க் கண்ணாடியாக இருக்கலாம். அதைச் சுத்தியலால் தட்டாதீர்கள். ஏற்கெனவே உடைந்திருந்தால் கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள். கூழ் தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. கால் மணி நேரம் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். உடனே டாக்டரிடம் போக வேண்டும். குழந்தைகள் கையில் இந்தக் கண்ணாடியைக் கொடுக்கக் கூடாது.

கண்ணாடி மட்டும் போதாது

தானாக மங்கும் கண்ணாடிக்கும் எல்லை உண்டு. அதன் கண்ணை மறைத்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. சாமி ஸ்டிக்கர், பூமாலை, பொம்மை இவை அதன் கண்ணை மறைக்கக் கூடாது. பின்பக்கக் கண்ணாடியை மறைத்துச் சாமான் அடுக்கக் கூடாது.

எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தை எந்தக் கண்ணாடியாலும் தடுக்க முடியாது. அப்போது விளக்கை நேராகப் பார்க்காதீர்கள். வேகத்தைக் குறையுங்கள். சாலையின் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டுங்கள்.

முன் கண்ணாடியை உள்ளும் புறமும் துடையுங்கள். அழுக்கில் பட்டு வெளிச்சம் சிதறும், கூச்சம் கூடும். மழைக் காலத்தில் இது மிகவும் முக்கியம். இரவில் கறுப்புக் கண்ணாடி போட்டு ஓட்டாதீர்கள்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது. சயான் மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. அண்ணாச்சியும் அங்கே போய்விட்டு வந்தார். அவருக்கு இடது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறதாம். டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து

அடுத்த வாரம் அண்ணாச்சி வகுப்புக்குச் சீக்கிரமே வந்தார். கையில் வண்டியின் புத்தகம் இருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிந்திருந்தது. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் படங்கள் இருந்தன. பிடியின் படத்தைக் காட்டினார். பக்கத்தில் ஒரு சிறு தாளில் தமிழில் எழுதி ஒட்டியிருந்தார். 'பகல்', 'இரவு' என்ற இரண்டு சொற்கள். எழுத்து கோணலாக இருந்தது. பிழை இல்லை.

"இப்போ ராத்திரி சவாரி எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கண்ணு கூசலை டீச்சர். ஆனா இன்னொண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். அன்னைக்கு என் பின்னாலே வந்தவனை எத்தனை திட்டு திட்டினேன்! நானும் முப்பது வருஷமா யாராவது ஒருத்தர் பின்னாலேதானே போறேன். அப்பர் லைட்டைப் போட்டுக்கிட்டுத்தான் போயிருக்கேன். என் வெளிச்சத்திலே எத்தனை பேருக்குக் கண்ணு இருண்டிருக்கும்? ஒருத்தரும் வந்து சொல்லலை. எனக்கும் தெரியலை."

வகுப்பில் யாரும் பேசவில்லை.

"இப்போ முன்னாலே வண்டி போனா உடனே லைட்டைத் தாழ்த்திடுதேன்" என்றார் அண்ணாச்சி. பிறகு நோட்டைத் திறந்தார்.

செய்து பாருங்கள்

1. ஒரு கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர் எடுங்கள். துளி சுண்ணாம்பு சேருங்கள். பிறகு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நிறம் எப்படி மாறுகிறது? குழந்தைகளுக்கும் காட்டுங்கள்.

2. இரவில் ஒரு ஜன்னல் கண்ணாடியில் முகம் பாருங்கள். பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியில் பாருங்கள். எது மங்கல்? ஏன்?

3. உங்களுக்குத் தெரிந்த டாக்சி ஓட்டுநரிடம் கேளுங்கள். அவர் வண்டியின் கண்ணாடிக்கு அடியில் பிடி இருக்கிறதா? அது எதற்கு என்று அவருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் சொல்லிக் கொடுங்கள்.

பேசுவோம்

1. தானாக மங்கும் கண்ணாடிக்கு ஏன் இரண்டு கண்கள் வேண்டும்?

2. பின்னால் வருபவர் விளக்கைத் தாழ்த்தாவிட்டால் யாருக்கு ஆபத்து? ஓட்டுநருக்கு மட்டுமா?

3. படிக்கத் தெரியாததால் நம் வீட்டிலேயே பயன்படாமல் கிடக்கும் பொருள் ஏதாவது உண்டா?